கிழக் குதிரையும் புழு மருந்தும்

இங்கிலாந்து தேசத்திலே ‘ஓல்டு பில்லி’ என்று பெயர் பெற்ற குதிரை ஒன்று இருந்தது. கால்வாய்களில் செல்லும் படகுகளைக் கரையோரம் நடந்துகொண்டே கயிற்றால் இழுத்துச் செல்வது அதன் உத்தியோகம். ராஜாவின் ரதத்தில் பூட்டப்பட்ட பாக்கியமோ, பந்தயத்தில் ஓடிக் கிண்ணம் ஜயித்த பெருமையோ அதற்குக் கிடையாது. ஆயினும் அதன் மண்டையோட்டை மான்செஸ்டர் நகரத்துப் பொருட்காட்சி சாலையில் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். காரணம் ஒன்றேதான். 1760-இல் பிறந்த அந்தக் குதிரை 1822-இல்தான் உயிர் நீத்தது. 62 வயது!

குதிரை ஜாதிக்கு இது அபூர்வமான ஆயுள். சாதாரணமாக 25 அல்லது 30 வயதுக்குள் ஒரு குதிரையின் கதை முடிந்துவிடும். 20 வயது ஆகிவிட்டாலே கிழம் என்று கணக்கு. ஆனால் மேனாடுகளில், உழைத்து ஓய்ந்த குதிரைகளைக் குடும்பத்தில் ஒருவரைப் போல் வைத்துப் போஷிப்போர் அநேகர். வேலை இல்லை, மேய்ச்சலோ அபாரம். ஆகையால் கிழக் குதிரைகளின் தொகை பெருகியிருப்பதோடு, கொழுத்த கிழக் குதிரைகளின் தொகையும் பெருகியிருக்கிறது.

இவ்விதக் குதிரைக்கு எஜமானர் இரண்டு காரியங்களைத் தவறாமல் செய்கிறார். ஒன்று, வயிறு நிறையத் தீனி போடுவது. மற்றொன்று, காலண்டரைப் பார்த்துப் புழு மருந்து கொடுப்பது. இரண்டும் அன்பினால் செய்யப்படுவனவே. ஆனால் அந்த இரண்டு அன்புக் காரியங்களும் கிழக் குதிரையின் உடம்பிற்குள்ளே போய் என்ன செய்கின்றன என்று விஞ்ஞானிகள் விசாரிக்கத் தொடங்கியபோது, பல விசித்திரமான விஷயங்கள் வெளிவந்தன.

இந்த விசாரணையில் பெரும் பங்கு எடுத்துக்கொண்ட இடம் அமெரிக்காவின் கெண்டக்கி மாகாணம். சுண்ணாம்புக் கல் நிறைந்த அந்தப் பூமியில் செழித்து வளரும் புல்லைத் தின்றுதான் உலகப் புகழ் பெற்ற பந்தயக் குதிரைகள் வளருகின்றன. அங்கே லெக்ஸிங்டன் நகரிலுள்ள கெண்டக்கி ஸர்வகலாசாலையில், குதிரைகளின் நோய்களை ஆராய்வதற்கென்றே ‘கிளக் குதிரை ஆராய்ச்சி நிலையம்’ என்று ஒரு ஸ்தாபனம் 1987 முதல் இருந்து வருகிறது.

படை வீடு திரும்பாவிட்டால்?

காலிலே முள் தைத்தால் என்ன நேருகிறது? அந்த இடம் சிவக்கிறது, சுடுகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. இதையே வைத்தியர்கள் ‘அழற்சி’ என்கிறார்கள். முள்ளோடு வந்த கிருமிகளை எதிர்ப்பதற்காக நம்முடைய ரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் திரண்டு வருவதன் அடையாளம் அது. அணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்வதற்குச் சில தூதுப் பொருள்கள் உண்டு. அவற்றிற்கு ‘ஸைட்டோகைன்’ என்று பெயர். “பகைவன் வந்துவிட்டான்; படை திரளட்டும்” என்று முரசு கொட்டுவது அவற்றின் தொழில்.

யுத்தம் முடிந்ததும் படை வீடு திரும்ப வேண்டும். அதுவே ஆரோக்கியம். திரும்பாமல் ஊரிலேயே முகாம் போட்டு, நெல்லையும் வைக்கோலையும் தின்றுகொண்டிருந்தால் ஊரின் கதி என்ன? உடம்பிலும் அப்படித்தான். முரசுச் சத்தம் ஓயாமல், மெல்லிய குரலில் வருஷக் கணக்காக ஒலித்துக்கொண்டே இருக்குமானால், பகைவனுக்கென்று வந்த படை சொந்த ஊரையே அழிக்க ஆரம்பித்துவிடுகிறது.

மனிதர்களுக்கு முதுமையில் இத்தகைய ஓயாத அழற்சி ஏற்படுவதைக் கவனித்து, இத்தாலிய விஞ்ஞானியான கிளாடியோ பிரான்செஸ்கியும் அவருடைய சகாக்களும் 2000-இல் அதற்குத் தனிப் பெயரே சூட்டினார்கள். ‘முதுமை’, ‘அழற்சி’ என்னும் இரண்டு சொற்களையும் ஒன்றாக முடிச்சுப் போட்ட பெயர் அது. கெண்டக்கியில் 20 வயது கடந்த குதிரைகளின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது, அவற்றிலும் இதே கதைதான் என்று தெரிய வந்தது. இளம் குதிரையைக் காட்டிலும் கிழக் குதிரையின் ரத்த அணுக்கள், அழற்சியை மூட்டும் ஸைட்டோகைன்களை அதிகமாக உண்டாக்குகின்றன. வெளியே நோய் ஒன்றும் தெரியாது. உள்ளே மட்டும் உமியில் வைத்த நெருப்பைப் போல் கனன்றுகொண்டிருக்கும்.

கொழுப்பு சும்மா இருப்பதில்லை

கொழுப்பு என்பது மிஞ்சிப்போன ஆகாரத்தைச் சேர்த்து வைக்கும் களஞ்சியம் என்றே வெகு காலம் எண்ணியிருந்தார்கள். களஞ்சியம் பேசாது அல்லவா? ஆனால் கொழுப்புச் சதை பேசுகிறது. அதுவும் ஸைட்டோகைன்களை உண்டாக்கி ரத்தத்தில் கலந்துவிடுகிறது.

குதிரை கொழுத்திருக்கிறதா என்பதைக் கண்டுகொள்ள, 1983-இல் டெக்ஸஸ் மாகாணத்தில் ஹென்னெகி என்பவரும் அவரைச் சேர்ந்தவர்களும் ஓர் அளவுகோல் வகுத்தார்கள். எலும்பும் தோலுமான குதிரைக்கு 1. அளவு கடந்து கொழுத்ததற்கு 9. நடுத்தரமான உடலுக்கு 5. விலா எலும்புகளையும், பிடரியையும், தோள்பட்டையின் பின்புறத்தையும், வாலின் அடியையும் கையால் தடவிப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். 7-க்கு மேற்பட்டால் கவலைப்பட வேண்டியதுதான். பிடரியின் மேல் தடித்த மேடு கட்டியிருக்கும் குதிரையைக் கண்டு, “என்ன கம்பீரமான கழுத்து!” என்று வியப்பவர்கள் உண்டு. குதிரை வைத்தியரோ அதைப் பார்த்ததும் முகத்தைச் சுளிப்பார். இன்ஸுலின் சரிவர வேலை செய்யாத குதிரையின் அடையாளங்களில் அது ஒன்று. அத்தகைய குதிரைக்குக் குளம்பினுள்ளே இருக்கும் மெல்லிய சதை மடிப்புகள் எரிச்சல் கொண்டு, குளம்போடு உள்ள பிடிப்பை இழந்துவிடும் ‘லாமினைடிஸ்’ என்னும் கொடிய நோய் வரக்கூடும். நாலு காலில் நின்றே ஆயுளைக் கழிக்கும் பிராணிக்கு, நிற்பதே நரக வேதனையாகிவிடும்.

2009-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று இங்கே முக்கியமானது. கெண்டக்கியில் கிழக் குதிரைகளின் ஆகாரத்தை நிதானப்படுத்தி உடம்பை இளைக்கச் செய்தார்கள். அவற்றின் ரத்தத்தில் அழற்சி ஸைட்டோகைன்கள் குறைந்தன. மறுபடி கொழுக்க விட்டார்கள். குறைந்தவை மீண்டும் ஏறின. முதுமையைத் திருப்ப முடியாது. ஆனால் முதுமையின் நெருப்பில் விறகு போடாமல் இருக்க முடியும் என்பது இதனால் விளங்கிற்று.

அன்பு மிகுதியால் குதிரைக்குத் தீனி போட்டுக் கெடுப்பது இன்று நேற்று ஏற்பட்ட வழக்கமல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்டு சென்ற மார்கோ போலோ, இங்குள்ளவர்கள் கப்பல் கப்பலாக வந்திறங்கும் குதிரைகளுக்குச் சோறும் வேக வைத்த மாமிசமும் ஊட்டுவதாகவும், அதனாலேயே அவை மடிந்துபோவதாகவும் எழுதி வைத்திருக்கிறார். அயல் நாட்டு யாத்திரிகர் எழுதியதையெல்லாம் வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் பொன்னைக் கொட்டி வாங்கிய பிராணிக்குத் தாங்கள் உண்பதையே ஊட்டிப் பார்க்க ஆசைப்பட்ட மனிதர்களை நம்மால் எளிதில் கற்பனை செய்துகொள்ள முடிகிறது.

குடற் சுவருக்குள் தூக்கம்

இனிப் புழுவின் கதைக்கு வருவோம். மேயும் குதிரை எதுவாயினும் அதன் வயிற்றில் புழு உண்டு. அதில் அதிசயமும் இல்லை, அவமானமும் இல்லை. குதிரையின் பெருங்குடலிலும் குருட்டுக் குடலிலும் குடியிருக்கும் ‘சிறு ஸ்டிராங்கைல்’ புழுக்களில் மட்டும் ஏறக்குறைய 50 இனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஓர் அங்குல நீளங்கூட இராது. இவற்றின் முட்டைகள் லத்தியோடு வெளியே விழுந்து, பொரித்து, குஞ்சுப் புழுக்கள் புல்லின் மேல் ஏறிக் காத்திருக்கும். குதிரை புல்லை மேயும்போது உள்ளே போய்விடும்.

போன குஞ்சுப் புழு உடனே வளர்ந்துவிடுவதில்லை. குடற் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே புகுந்து, சிறு கூடு ஒன்றுக்குள் சுருண்டு படுத்துக்கொள்கிறது. சில வாரங்களில் வெளிவருவதும் உண்டு; இரண்டு வருஷத்துக்கு மேல் தூங்குவதும் உண்டு. குதிரையின் உடம்பிலுள்ள மொத்தப் புழுக்களில் பத்தில் ஒன்பது பங்கு கூட இப்படிச் சுவருக்குள் உறங்கிக்கொண்டிருக்கலாம். லத்தியில் முட்டையைத் தேடினால் இவை அகப்படமாட்டா. முட்டையிடுவது வளர்ந்த புழுவே அன்றி உறங்கும் புழு அல்ல.

ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் உறங்கும் இந்தப் புழுக்கள் எல்லாம் ஒரே சமயத்தில் விழித்தெழுந்து சுவரைக் கிழித்துக்கொண்டு வெளிவந்தால், குடல் ரணகளமாகிவிடுகிறது. கடுமையான பேதி கண்டு, சில நாட்களில் உடம்பு உருகி, நோய் கண்டவற்றில் பாதிக் குதிரைகள் வரை மாண்டு போகின்றன. குளிர் நாடுகளில் குளிர்காலத்தின் கடைசியிலும் வசந்தத்தின் தொடக்கத்திலும் இது நேருகிறது. பெரும்பாலும் இளங் குதிரைகளையே இது தாக்குகிறது என்பது உண்மை. ஆனால் கிழக் குதிரைகளுக்கும் ஒரு தனி ஆபத்து உண்டு. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி முதுமையில் கெட்டுப்போவதால் வரும் நோய் ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 15 வயதும் அதற்கு மேலும் ஆன குதிரைகளைச் சோதித்ததில் ஐந்தில் ஒன்றுக்கு அந்நோய் இருக்கக் கண்டார்கள். ரோமம் உதிராமல் சடையாக வளர்ந்து நிற்பது அதன் அடையாளம். அந்நோய் கண்ட குதிரையின் எதிர்ப்புச் சக்தி குன்றிவிடுவதால், மருந்து கொடுத்த பிறகும் அதன் லத்தியில் புழு முட்டைகள் மற்றக் குதிரைகளைக் காட்டிலும் அதிகமாக இருக்கின்றன.

எட்டு வாரத்து விதி

ஒரு காலத்தில் குதிரைகளுக்கு எமனாக இருந்தது வேறொரு புழு. ‘பெரு ஸ்டிராங்கைல்’ வகையைச் சேர்ந்த அது குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிக்குள் ஊர்ந்து சென்று, அங்கே ரத்தத்தை உறையச் செய்துவிடும். குடலின் ஒரு பாகம் ரத்தமின்றிச் செத்துவிட, குதிரை சூலை நோயால் துடிதுடித்து மடியும்.

1961-இல் ‘தயாபெண்டஸோல்’ என்ற மருந்து வந்தது. 1966-இல் கெண்டக்கியைச் சேர்ந்த டிரட்ஜ், லயன்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள், எட்டு வாரங்களுக்கு ஒரு முறை எல்லாக் குதிரைகளுக்கும் மருந்து கொடுத்துவிட வேண்டும் என்று யோசனை சொன்னார்கள். தமனிப் புழு வளர்ந்து முட்டையிடச் சுமார் ஆறு மாதம் பிடிக்கும். எட்டு வாரத்துக்கொரு முறை அடி விழுந்தால் அது தலையெடுப்பது எங்ஙனம்? யோசனை அற்புதமாகப் பலித்தது.

பிறகு 1981-இல் ‘ஐவர்மெக்டின்’ வந்தது. ஜப்பானில் ஸடோஷி ஓமுரா என்னும் விஞ்ஞானி திரட்டிய மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து பிறந்த மருந்து அது. அவருக்கும், அதை மருந்தாக்கிய வில்லியம் காம்பெல் என்பவருக்கும் 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது. தமனிப் புழுவை ஐவர்மெக்டின் அநேகமாக ஒழித்தே விட்டது.

எதிரி ஒழிந்தான்; ஆனால் விதி நின்றுவிட்டது! எட்டு வாரத்துக்கொரு முறை மருந்து என்பது சந்தியாவந்தனம் போன்ற நித்திய கருமமாகிவிட்டது. அதன் விளைவு என்ன? மருந்தில் தப்பிய புழுக்களே பெருகி, மருந்துக்கு மசியாத பரம்பரைகள் தோன்றின. தயாபெண்டஸோலின் குடும்பத்து மருந்துகளை உலகெங்குமுள்ள சிறு ஸ்டிராங்கைல்கள் எதிர்த்து நிற்கின்றன. ஐவர்மெக்டினுக்கும், அதே குலத்தில் உதித்த மாக்ஸிடெக்டினுக்கும் தலை வணங்காத புழுக்களை, அயர்லாந்திலிருந்து அமெரிக்காவுக்கு வந்த குதிரைக் குட்டிகளில் கண்டதாக 2020-இல் செய்தி வெளியாயிற்று. ஐவர்மெக்டினுக்குப் பிறகு, இப்புழுக்களைக் கொல்லக்கூடிய புதிய மருந்துக் குலம் எதுவும் குதிரைகளுக்கு வரவில்லை. ஆயுத சாலையில் இருப்பவை பழைய அம்புகள். அவற்றிலும் பாதி மழுங்கிவிட்டன.

புழு சாகும்போது

குடற் சுவருக்குள்ளேயே ஆயிரம் புழுக்கள் செத்தால் குதிரையின் உடம்பு பேசாமல் இருக்குமா? இதுவே நம்முடைய கேள்வியின் மையம்.

உயிருள்ள புழு தந்திரசாலி. தான் இருப்பதை வீட்டுக்காரன் அறியாதபடி, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தாலாட்டித் தூங்க வைத்துவிடும். செத்த புழுவுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. அதன் உடல் சிதைந்து, உள்ளிருந்த பொருள்கள் கசியும்போது, வெள்ளை அணுக்கள் விழித்துக்கொண்டு முரசு கொட்டுகின்றன.

எந்த மருந்தால் புழு செத்தது என்பதைப் பொறுத்து முரசின் சத்தம் வேறுபடுகிறது. 2006-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், ‘பென்பெண்டஸோல்’ என்னும் மருந்தினால் சுவருக்குள் புழு செத்த இடங்களில் கடுமையான அழற்சியும் புண்ணும் காணப்பட்டன. மாக்ஸிடெக்டினால் செத்த புழுக்களைச் சுற்றி அத்தகைய சேதம் காணப்படவில்லை. இரண்டு மருந்துகளும் வேலை செய்யும் விதமே வேறு. முந்தியது புழுவின் அணுக்களுக்கு உள்ளே இருக்கும் சட்டங்களைக் கட்டவிடாமல் செய்கிறது. பிந்தியதோ புழுவின் நரம்புகளையும் தசைகளையும் செயலற்றுப் போகச் செய்கிறது.

இதைக் கேட்டுக் குதிரைக்காரர்கள் திகிலடைய வேண்டியதில்லை. பிறகு கெண்டக்கியில் பொனிக் குதிரைகளைக் கொண்டு நடத்திய பரிசோதனைகளில், மருந்துக்குப் பின் ரத்தத்தில் தோன்றிய அழற்சிக் குறிகள் சொற்பமாகவே இருந்தன. தடுப்பு ஊசியும் புழு மருந்தும் ஒரே நாளில் கொடுத்தால் ஊசியின் பலன் கெடுமோ என்ற சந்தேகத்தையும் அங்கே ஆராய்ந்தார்கள். கெடவில்லை என்றே 2015-இல் முடிவு கண்டார்கள்.

ஆனால் ஓர் எச்சரிக்கை உண்டு. குடலுக்குள் உலாவும் வளர்ந்த புழுக்கள், சுவருக்குள் தூங்கும் குஞ்சுகளை ஒரு விதத்தில் அடக்கி வைத்திருக்கின்றன. மருந்தால் பெரியவர்கள் எல்லோரும் ஒரேயடியாக ஒழிந்துபோனால், “இடம் காலி” என்று குஞ்சுகள் புறப்பட்டுவிடலாம். மேலே சொன்ன பேதி நோய் கண்ட குதிரைகளில் பல, அதற்கு இரண்டு வாரங்களுக்குள் புழு மருந்து உண்டவை என்று வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகையால் புழு மிகுந்திருக்கக்கூடிய குதிரைக்கு, அதிலும் ஏற்கெனவே உள்ளே நெருப்புக் கனன்றுகொண்டிருக்கும் கிழக் குதிரைக்கு, எந்த மருந்து, எப்போது என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியரே அல்லாமல் காலண்டர் அல்ல.

இவற்றை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் முடிவு தெளிவானது. முறையாகக் கொடுத்த புழு மருந்தினால் வரும் அழற்சி வந்து போகும் விருந்தாளி. முதுமையும் கொழுப்பும் மூட்டும் அழற்சி வீட்டிலேயே தங்கிவிட்ட விருந்தாளி. முந்தியவனுக்குப் பயந்து மருந்தை அடியோடு நிறுத்துவதும் தவறு. பிந்தியவனை விரட்டுவதாக எண்ணி மாதந்தோறும் மருந்தைப் புகட்டுவதும் தவறு. கொழுத்த குதிரையின் வயிற்றைப் புழு மருந்து சுத்தம் செய்யலாம். பிடரிக் கொழுப்பை அது கரைக்காது. அதைக் கரைப்பவை குறைந்த தீனியும் நிறைந்த நடையுமே.

எண்ணிப் பார்த்த பிறகு

அப்படியானால் என்ன செய்வது? முதலில் எண்ண வேண்டும்.

1939-இல் ஆஸ்திரேலியாவின் ஸிட்னி நகரில் கார்டன், விட்லாக் என்ற இருவர், லத்தியிலுள்ள புழு முட்டைகளை எண்ணுவதற்குச் சுலபமான வழி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். லத்தியில் சிறிது எடுத்து உப்புக் கரைசலில் கலக்கினால், முட்டைகள் மேலே மிதக்கும். கட்டம் போட்ட கண்ணாடியில் அதை ஊற்றிப் பூதக் கண்ணாடி வழியே எண்ணிவிடலாம். ஒரு கிராம் லத்திக்கு 200-க்கும் குறைவாக முட்டை இருந்தால் அந்தக் குதிரை ஸாது. 500-க்கு மேற்பட்டால், மேய்ச்சல் நிலத்தை அசுத்தப்படுத்தும் ஆசாமி அதுதான். இப்படி எண்ணியதில் ஒரு வேடிக்கை வெளியாயிற்று. ஒரு மந்தையிலுள்ள முட்டைகளில் 80 சதவிகிதத்தை இடுவதற்கு 20 சதவிகிதக் குதிரைகளே காரணமாயிருந்தன. அந்தச் சிலவற்றுக்காக எல்லாக் குதிரைகளுக்கும் மருந்து புகட்டி வந்தோமே என்று பலர் வெட்கப்பட்டார்கள். மருந்து கொடுத்து இரண்டு வாரம் கழித்து மறுபடி எண்ணினால், அந்த மருந்து அந்த லாயத்தில் இன்னும் வேலை செய்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

இரண்டாவது, நிறுக்க வேண்டும். கொழுத்த குதிரையின் எடையைக் கண்ணால் மதிப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். மருந்தின் அளவும் குறைந்துவிடுகிறது. அரைகுறை மருந்து புழுவைக் கொல்லாது. மருந்தை எதிர்க்கும் வித்தையைத்தான் கற்றுக் கொடுக்கும். தராசு இல்லாதவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. மார்பின் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, வந்த தொகையைத் தோள் முனையிலிருந்து பிருஷ்ட முனை வரை உள்ள நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோகிராம் கிடைக்கும். சுற்றளவு 180, நீளம் 160 என்றால் குதிரையின் எடை ஏறக்குறைய 436 கிலோ. எலும்பும் தோலுமான குதிரைக்கும் இளங் குட்டிக்கும் இதே ஜாக்கிரதை மறுபக்கத்தில் வேண்டும். மாக்ஸிடெக்டின் கொழுப்பிலே தங்கும் மருந்து. தங்குவதற்குக் கொழுப்பு இல்லாத உடம்பில் அது அளவு மீறினால் மூளையைத் தாக்கும்.

மூன்றாவது, மேய்ச்சல் நிலத்திலிருந்து லத்தியை வாரி அகற்ற வேண்டும். இது மருந்தை விடப் பழைய மருந்து.

எண்ணும் முறையையும் மூட பக்தியாக்கிவிடக் கூடாது. டென்மார்க் தேசத்தில், வைத்தியர் சீட்டு இல்லாமல் புழு மருந்து விற்கக் கூடாது என்று 1999-இல் சட்டம் செய்தார்கள். மருந்துச் செலவு குறைந்தது. ஆனால் முட்டை எண்ணிக்கையை மட்டும் நம்பி மருந்து கொடுத்த பண்ணைகளில், ஒழிந்துவிட்டதாக எண்ணிய தமனிப் புழு மீண்டும் தலைகாட்டுவதை 2012-இல் கண்டார்கள். ஆகையால்தான், எண்ணிக்கை குறைவாயிருந்தாலும் வளர்ந்த குதிரைக்கு வருஷத்துக்கு ஒரு முறையோ இரு முறையோ மருந்து கொடுத்தே தீர வேண்டும் என்று அமெரிக்கக் குதிரை வைத்தியர் சங்கம் விதித்திருக்கிறது.

கெண்டக்கி ஸர்வகலாசாலையில் ஒரு மந்தை இருக்கிறது. 1979 முதல் அந்த மந்தைக்குப் புழு மருந்து கொடுப்பதே இல்லை. இன்றைய மருந்துகளின் வாசனையையே அறியாத புழுக்களை, ஆராய்ச்சிக்காக அந்தக் குதிரைகளின் வயிற்றில் வளர்த்து வருகிறார்கள். பகைவனை அறியாமல் யுத்தம் செய்ய முடியாது என்பதற்காக, பகைவனுக்கே சோறு போட்டு வளர்க்கும் விஞ்ஞானிகளின் பொறுமையை என்னென்பது!

நம் வீட்டுக்கும் ஒரு வார்த்தை

“குதிரை இல்லாத எங்களுக்கு இந்தக் கதை எதற்கு?” என்று கேட்கும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. நம் தேசத்தில் 2015 முதல் பிப்ரவரி 10-ஆம் தேதியைத் தேசீயக் குடற்புழு நீக்க தினமாகக் கொண்டு, பள்ளிக்கூடங்களிலும் அங்கன்வாடிகளிலும் குழந்தைகளுக்கு ‘அல்பெண்டஸோல்’ மாத்திரை கொடுத்து வருகிறார்கள். அது குதிரைகளின் தயாபெண்டஸோலுக்கும் பென்பெண்டஸோலுக்கும் ஒன்றுவிட்ட தம்பி. குதிரையின் கதையைப் படித்துவிட்டு யாரும் குழந்தைக்கு மாத்திரையை மறுத்துவிடக் கூடாது. குழந்தைகளின் புழு வேறு. மந்தையின் புழு வேறு. அன்றியும் அந்த மாத்திரை குருட்டாம்போக்கில் கொடுக்கப்படுவதல்ல. நூற்றுக்கு 20 குழந்தைகளுக்குப் புழு இருக்கும் பிரதேசத்தில் வருஷத்துக்கு ஒரு முறை, 50-க்கு மேற்பட்டால் இரண்டு முறை என்று, எண்ணிப் பார்த்து வகுத்த விதியை உலக சுகாதார ஸ்தாபனம் தந்திருக்கிறது.

குதிரைக்காரர்கள் அரை நூற்றாண்டு கழித்துக் கற்றுக்கொண்ட பாடமும் அதுவேதான். எண்ணிப் பார்த்துக் கொடுத்தால் மருந்து. எண்ணாமல் கொடுத்தால் வெறும் சடங்கு.

ஓல்டு பில்லியின் காலத்தில் இந்த மருந்துகளில் ஒன்றும் கிடையாது. ஒரே ஒரு பில்லியைக் கொண்டு சாஸ்திரம் எழுதிவிட முடியாதுதான். ஆனால் உழைக்கும் குதிரைக்கு உடம்பில் கொழுப்புச் சேர அவகாசம் இருப்பதில்லை என்பதை மட்டும் நாம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம். லாயத்தில் ஒரு கிழக் குதிரை நின்றுகொண்டு, எஜமானரின் காலடி ஓசை கேட்டதும் தலையைத் தூக்கிப் பார்க்கிறது. அதற்கு அவர் செய்யக்கூடிய பேருபகாரம், ஒரு கையில் தீனிக் கூடையும் மறு கையில் மருந்துக் குழாயுமாக வந்து நிற்பது அல்ல. இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு, கயிற்றை அவிழ்த்துக்கொண்டு, அதனோடு மெள்ள ஒரு மைல் நடந்து வருவதுதான்.